தோல் வட்டாரத்தின் ரயில் யாருக்காக நிற்கிறது?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வந்து சேர்ந்தது. அன்றைய வட ஆற்காடு மாவட்டம் இந்தியாவிலேயே மிகத் தொடக்கத்தில் ரயிலைக் கண்ட பகுதிகளுள் ஒன்று. ஏறக்குறைய 170 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், அதே பாதையின் ஓரத்தில் வாழும் ஒரு பெண் தொழிலாளி, குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு வேலைக்குச் செல்லவும் மாலையில் வீடு திரும்பவும் ரயிலை நம்பித் தம் நாளைத் திட்டமிட இயலாத நிலையே இன்றும் உள்ளது.

இப்பாதையில் வண்டிகளுக்குக் குறைவில்லை. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் விரைவு வண்டிகள், கேரளத்திற்கும் கோவைக்கும் செல்லும் வண்டிகள், நீண்ட சரக்கு வண்டிகள் என இரவும் பகலும் இருப்புப்பாதை ஓய்வதில்லை. 2022 நவம்பர் 11 முதல் சென்னை–மைசூரு வந்தே பாரத் வண்டியும் இவ்வழியே ஓடுகிறது. அது காட்பாடியில் நிற்கும். ஆம்பூரையும் வாணியம்பாடியையும் நிற்காமல் கடந்துவிடும். பஞ்சம் வண்டிகளுக்கன்று; இங்கு வாழ்வோருக்காக நிற்கும் வண்டிகளுக்கே.

ரயில்வே நிர்வாகம் எவருடைய சாதியையும் கேட்டுப் பயணச்சீட்டு வழங்குவதில்லை. ஆனால் எவருடைய நேரத்திற்கு வழிவிடப்படுகிறது, எவருடைய நேரம் ஓரம்கட்டி நிறுத்தப்படுகிறது என்பதைக் கால அட்டவணை தீர்மானிக்கிறது. அந்த அட்டவணைக்குள் சாதியும் வர்க்கமும் பாலினமும் எவ்வாறு நுழைகின்றன, அதை எதிர்கொள்ளச் சட்டத்தில் நமக்கு என்ன இடமுண்டு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாதை எதற்காகப் போடப்பட்டது

பாலாற்றின் நீர், பதனிடுதலுக்கான ஆவாரம் பட்டை, சென்னைத் துறைமுகத்தை இணைக்கும் ரயில் ஆகிய மூன்றும் கூடியதால்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் நகரங்களாயின. பதனிட்ட தோல் ரயிலேறிச் சென்னைக்குச் சென்றது. சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியுள்ள பெரியமேடு தோல் வணிகத்தின் மையமாக வளர்ந்தது தற்செயலன்று. வணிகர், ரயில், துறைமுகம் என்னும் சங்கிலியில் தோல் எவ்விடத்தும் தேங்காமல் சென்றது. அத்தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கியவர்களும், மயிரையும் சதையையும் சுரண்டியவர்களும் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களது போக்குவரத்தைப் பற்றி அச்சங்கிலியில் எவரும் எண்ண நேரவில்லை. அவர்கள் தோல் ஷாப்புக்கு அருகிலேயே, அல்லது நடந்துவரும் தொலைவிலேயே, வாழவைக்கப்பட்டிருந்தனர்.

இதே பாதை மற்றொரு பெயர்வுக்கும் வழியாயிற்று. 1880களில் கோலார் தங்கவயலில் ஆங்கிலேய நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தலித் குடும்பங்கள் பெருந்திரளாக அங்குச் சென்றன. ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை எனச் செல்லும் முதன்மைப் பாதையிலிருந்து மாரிக்குப்பத்திற்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. அதுவும் சுரங்கத்திற்காகப் போடப்பட்டதே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் கிளைப்பாதையைத் தம் உயிர்நாடியாக்கிக் கொண்டனர். விடியுமுன் மாரிக்குப்பம், உரிகம் நிலையங்களில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை அங்கு ஒரு தலைமுறையாக நடந்துவருகிறது. பொன்னுக்காகப் போட்ட பாதையை மக்கள் தமதாக்கிக் கொண்டார்கள். அதற்கு அவர்களின் வேலை நேரத்தை ஒட்டி ஓடும் வண்டிகள் தேவைப்பட்டன. தோல் வட்டாரத்தில் நமக்கு வேண்டுவதும் அதுவே.

நடந்து சென்ற தொழிலாளி வண்டி ஏற நேர்ந்தது எவ்வாறு

1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்பது கொள்கை. அதன் விளைவாக ஆம்பூர் வட்டாரத்தில் ஷூ கம்பெனிகள் பெருகின. பதனிடும் கூடங்களில் ஆண்களே மிகுதி. ஷூ கம்பெனிகளின் தையல், ஒட்டுதல் பிரிவுகளிலோ பெண்களே பெரும்பான்மையினர். அவர்களில் தலித் பெண்களும் இசுலாமியப் பெண்களும் மிகுதி. ஒரு சேரியை ஒட்டிய தோல் ஷாப்பு என்ற நிலை மாறி, பல ஒன்றியங்களின் ஊர்களிலிருந்து ஆள் திரட்டும் தொழிற்சாலை என்ற நிலை உருவாயிற்று.

மறுபுறம் நிலம் கைவிட்டது. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் கழிவால் இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வைப் பதிவு செய்தது. நிலம் இழந்தவருக்கு இழப்பீடு என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. அந்நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் நிலப்பட்டா இல்லை. ஊரில் வேலை சுருங்கச் சுருங்க, அவர்கள் வண்டியேறி வேலை தேட வேண்டியவர்களாயினர்.

அந்த வண்டி பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸாகவோ வேனாகவோ இருக்கிறது. ஊர் வாசலுக்கே வருவது அதன் வசதி. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் உரிமையாளர் முதலாளி. மிகை நேர வேலை முடிந்தால்தான் அது புறப்படும். பணி முடிந்தபின் தொழிற்சங்கக் கூட்டத்திற்கு நின்றால் அது காத்திராது. அடுத்த கம்பெனியில் கூலி சற்று அதிகம் என்று தெரிந்தாலும், அக்கம்பெனியின் பஸ் நம் ஊருக்கு வராதெனில் அந்த வேலை நமக்கில்லை. வேலையை மாற்றிக்கொள்ளும் உரிமை காகிதத்தில் இருந்தும் கால்களில் இல்லாமல் போகிறது. தன் காசில் சீட்டு வாங்கி, தான் விரும்பும் நேரத்தில் ஏறி இறங்கக்கூடிய பொது வண்டி என்பது இவ்விடத்தில் ஒரு பயண வசதி மட்டுமன்று. கூலி பேசும் வலிமையின் ஒரு பகுதி. ரயில் பற்றிய கோரிக்கையைத் தொழிலாளர் கோரிக்கையாக நாம் பார்ப்பதன் காரணம் இதுவே.

மெமு எப்படி ஓடுகிறது, ஏன் நின்றுவிடுகிறது

சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டிகள் மேற்கே அரக்கோணம், திருத்தணி வரை ஓடுகின்றன. அரக்கோணத்திற்கு அப்பால் சோளிங்கர், வாலாஜா ரோடு, காட்பாடி, லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சக்குப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி வழியே ஜோலார்பேட்டை வரை சிறு நிலையங்களுக்கு உயிர் கொடுப்பவை மெமு வண்டிகளும், இன்றும் மக்கள் பாசஞ்சர் என்றே அழைக்கும் சாதாரண வண்டிகளும்தான். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை ஏறக்குறைய 213 கிலோமீட்டர்.

மெமு என்பது தனி எஞ்சின் இழுக்கும் வண்டியன்று. தொடரின் சில பெட்டிகளிலேயே மின்மோட்டார்கள் பொருத்தப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருக்கும். ஆகவே கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகம் பிடிக்கும்; விரைவாக நிற்கும். 5 அல்லது 8 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் உள்ள இத்தகைய பாதைக்கு அதுவே பொருத்தமான வண்டி. ஆகவே தொழில்நுட்பத்தில் குறையில்லை.

குறை முன்னுரிமையில் இருக்கிறது. காட்பாடி–ஜோலார்பேட்டை இரட்டைப் பாதை. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. அதே தண்டவாளத்தில் விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் மெமுவும் ஓடியாக வேண்டும். பின்னால் விரைவு வண்டி நெருங்கினால், மெமு ஒரு நிலையத்தின் கிளைத் தண்டவாளத்தில் ஒதுங்கி, அதை முன்னே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரைவு வண்டியின் தாமதம் மெமுவின் தாமதமாகிறது. புறநகர்ப் பகுதி என வகைப்படுத்தப்பட்ட இடங்களில், காலை மாலை நெரிசல் வேளைகளில் உள்ளூர் வண்டிக்கு முதலிடம் தரும் நடைமுறை உண்டு. தோல் வட்டாரத்தின் தொழிலாளருக்கும் காலை மாலை நெரிசல் உண்டு. ஆனால் அவர்களது வட்டாரம் புறநகர் என்ற வகைக்குள் வரவில்லை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இப்பாதையின் அன்றாடப் பயணிகளுக்கென இருக்கும் வண்டிகளின் திசையே சென்னையை நோக்கியது. ஏலகிரி விரைவு வண்டி அதிகாலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டு, மாலையில் சென்னையிலிருந்து திரும்புகிறது. சென்னை அலுவலகத்தில் பணிபுரிவோருக்கு அது பேருதவி. ஆனால் ஆம்பூரே பல்லாயிரவருக்கு வேலைத்தலம். மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் காலை பணி தொடங்குமுன் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வந்து சேர்ந்து, மாலைப் பணி முடிந்தபின் இரு திசையிலும் புறப்படும் வண்டிதான் இவ்வட்டாரத்தின் தேவை. தலைநகரை மையமாக வைத்து வரையப்பட்ட அட்டவணையில் தொழில் நகரம் இடைநிலையமாக மட்டுமே தெரிகிறது.

10 ரூபாய் 30 ரூபாயானபோது

2020 மார்ச்சில் பெருந்தொற்றை முன்னிட்டுப் பயணிகள் வண்டிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. திரும்ப வந்தபோது, பழைய பாசஞ்சர் வண்டிகள் பல ‘சிறப்பு விரைவு வண்டி’ என்ற பெயரில் வந்தன. பெட்டி அதே பெட்டி. வேகமும் நிறுத்தங்களும் பெரிதாக மாறவில்லை. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. இரண்டு மூன்று நிலையங்கள் மட்டும் பயணம் செய்பவருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் என்பது 60 ரூபாயாயிற்று. மாதத்திற்கு 25 நாள் வேலை எனக் கொண்டால் 500 ரூபாய் 1,500 ரூபாயாகிறது. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் மீண்டது. ஏறத்தாழ 4 ஆண்டுகள், நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமும் இயற்றப்படாமல், ஒரு பெயர் மாற்றத்தின் வழியே ஏழைகளின் பயணச் செலவு மும்மடங்காயிற்று.

ஏழைத் தொழிலாளருக்கெனச் சலுகை இல்லையா என்று கேட்கலாம். 2009இல் ‘இஜ்ஜத்’ என்ற மாதாந்திர சீசன் டிக்கெட் அறிமுகமானது. அமைப்புசாராத் தொழிலாளர் 25 ரூபாயில் மாதம் முழுதும் 100 கிலோமீட்டர் வரை பயணிக்கலாம் என்பது அத்திட்டம். இஜ்ஜத் என்ற சொல்லுக்கு மானம், மரியாதை என்று பொருள். ஆனால் மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மிகாதவருக்கே அச்சீட்டு. 1,500 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 50 ரூபாய். குறைந்தபட்சக் கூலி பெறும் எந்தத் தொழிலாளியும் அவ்வரம்பைக் கடந்துவிடுவார். சட்டப்படியான கூலி பெற்றால் சலுகை இல்லை; சலுகை வேண்டுமெனில் சட்டத்திற்குக் கீழான கூலியில் வாழ வேண்டும் என்றாகிறது.

இதே காலத்தில் தமிழ்நாடு அரசு 2021 மே முதல் நகரப் பேருந்துகளின் சாதாரணக் கட்டண வண்டிகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணத்தை நடைமுறைப்படுத்தியது. விடியல் பயணம் எனப்படும் இத்திட்டம் உழைக்கும் பெண்களின் கையில் மீதம் வைத்த தொகை சிறிதன்று. ஆனால் வேலூரிலிருந்து ஆம்பூர் வழியே நெடுஞ்சாலையில் விரையும் தொலைதூரப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது ரயில்தான்.

சரக்குக்கு மன்றம் உண்டு

இவ்விடத்தில் சட்டம் என்ன சொல்கிறது எனப் பார்ப்போம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 70ஆவது பிரிவு, சரக்குப் போக்குவரத்தில் எவருக்கும் நியாயமற்ற முன்னுரிமை தரலாகாது என்கிறது. மீறினால் 36ஆவது பிரிவின்படி ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சரக்குக் கட்டணம் நியாயமற்றது என்றும் முறையிடலாம். அடுத்து வரும் 37ஆவது பிரிவு அத்தீர்ப்பாயம் விசாரிக்கக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. அதில் பயணிகள் கட்டணம் இடம்பெற்றுள்ளது.

இதன் பொருளைத் தோல் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். ஆம்பூரிலிருந்து அனுப்பும் தோல் கட்டுக்கு விதித்த கட்டணம் அநியாயம் என்று அதன் உரிமையாளர் வழக்காடத் தனி மன்றம் உண்டு. அத்தோலைப் பதனிட்டவர் தம் பயணக் கட்டணம் அநியாயம் என்று அதே மன்றத்தின் படியேற முடியாது. சரக்கு பாகுபாட்டுக்கு ஆளாகலாகாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. பயணியைப் பற்றி அவ்வாறு சொல்லவில்லை.

உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ நாடலாமே எனில், அங்கும் எல்லை உண்டு. கேரளத்தின் திரூரில் வந்தே பாரத் நிற்க வேண்டும் எனக் கோரிய மனுவை 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எந்த வண்டி எங்கு நிற்க வேண்டும் என்பது நீதிமன்றம் முடிவு செய்யும் பொருளன்று என்பதே அதன் நிலைப்பாடு. ‘எங்கள் ஊரில் நிறுத்துங்கள்’ என்ற மனு இவ்வாறே முடியும்.

ஆனால் கேள்வியை வேறுவிதமாகக் கேட்க முன்னுதாரணம் இருக்கிறது. இமாச்சலப் பிரதேச அரசு எதிர் உமேத் ராம் சர்மா வழக்கு 1986இல் தீர்க்கப்பட்டது. சிம்லா மாவட்டத்தின் மலைக் கிராமங்களில் வாழ்ந்த ஏழைகள், அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள், தங்கள் ஊருக்கான சாலைப் பணி பாதியில் நின்றுவிட்டது என்று எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கிய வழக்கு அது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமை என்பது வாழ்வின் தரத்தையும் உள்ளடக்கியது. மலைவாழ் மக்களுக்குச் சாலையின்றி அத்தகைய வாழ்வு இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குறிப்பிட்ட வண்டி ஒன்றின் நிறுத்தத்தைக் கேட்பது வேறு. ஒரு மக்கள் பிரிவு வேலைக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் சென்றடையும் வழியையே கேட்பது வேறு. நம் வாதம் இரண்டாவதைப் பற்றியதாக அமைய வேண்டும்.

பெண்கள் பெட்டியும் இழப்பீடும்

பயணிகள் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் பெண்களுக்கென இடம் ஒதுக்குவது ரயில்வே சட்டத்தின் 58ஆவது பிரிவின்படி நிர்வாகத்தின் கடமை. ஒதுக்கிய பெட்டியில் நுழையும் ஆண் 162ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியவர். ஆனால் பெட்டியின் மேல் எழுதிய பலகை மட்டும் பாதுகாப்பாகிவிடாது. 2025 பிப்ரவரியில் இதே பாதையில், பெண்கள் பெட்டியில் தனித்துவிடப்பட்ட கர்ப்பிணி ஒருவர் பாலியல் வன்கொடுமை முயற்சியை எதிர்த்ததற்காகக் கே.வி.குப்பம் அருகே ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டார், கருவை இழந்தார். குற்றவாளிக்கு அதே ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை விரைந்து கிடைத்ததை வரவேற்கிறோம். ஆனால் அப்பெட்டியில் அன்று ஒரு காவலர் இருந்திருந்தால் வழக்கே இராது. இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்கள் ரயிலை நம்ப வேண்டுமெனில், காவலர் இருப்பும் நிலைய வெளிச்சமும் கால அட்டவணையின் பகுதியாக வேண்டும்.

நெரிசலில் ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்து உயிரிழப்போர், உறுப்பிழப்போர் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ரயில்வே சட்டத்தின் 124அ பிரிவின்படி, ரயில்வேயின் தவறை மெய்ப்பிக்காமலேயே இழப்பீடு கோரலாம். உயிரிழப்புக்கான தொகை 2017 முதல் 8 லட்சம் ரூபாய். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். சென்னையில் அதன் அமர்வு உள்ளது. ரீனா தேவி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டைத் தெளிவாக்கியது. உடலருகே பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்பதாலேயே கோரிக்கை வீழ்ந்துவிடாது. ஏறி இறங்கும்போது விழுந்ததை ‘தானே வருவித்துக்கொண்ட காயம்’ என்று தள்ளவும் முடியாது.

இதனோடு, இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 51உ பிரிவின்படி, வேலைக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்து, நேரமும் இடமும் சூழலும் பணியோடு தொடர்புடையனவாயின், பணியில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்பட்டது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இக்கொள்கையைத் தொடர்கிறது. இவ்வுரிமைகளைப் பற்றி ஒவ்வொரு ஷூ கம்பெனியின் வாசலிலும் ஒரு துண்டறிக்கையேனும் சென்று சேர வேண்டும்.

நிலைய வாசலுக்கு அப்பால்

அண்ணல் அம்பேத்கர் தம் சிறுவயது நினைவுகளை எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில், 1901இல் சதாராவிலிருந்து தந்தையைக் காணப் புறப்பட்ட பயணத்தைக் கூறுகிறார். ரயில் அக்குழந்தைகளை மசூர் நிலையம் வரை கொண்டு சேர்த்தது. நிலையத்தில் இறங்கி, அவர்கள் மகர் சாதியினர் எனத் தெரிந்ததும், எந்த வண்டிக்காரரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இருமடங்கு கூலி தந்து, மாட்டு வண்டியைத் தாமே ஓட்டிச் செல்ல வேண்டியதாயிற்று. ரயிலின் சமத்துவம் நடைமேடையோடு முடிந்துவிட்டது.

பொது ஊர்தியைப் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் ஊர்தியே சேரிக்கு வராதபோது அச்சட்டத்திற்கு வேலையில்லை. பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ஆற்காடு ஆகிய தோல் ஊர்களுக்கு ரயிலே கிடையாது. குடியாத்தம் நிலையம் ஊரிலிருந்து தொலைவில் உள்ளது. நிலையத்தில் இறங்கியபின் ஷேர் ஆட்டோவுக்குத் தரும் காசு ரயில் கட்டணத்தை விஞ்சிவிடுகிறது. திண்டிவனத்திலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை வழியே நகரி செல்லும் புதிய பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. அது இன்னும் முழுமை பெறவில்லை.

நிர்வாக எல்லைகளும் சுமையைக் கூட்டுகின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்திலும், காட்பாடியும் குடியாத்தமும் வேலூரிலும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரிலும் உள்ளன. ஒரே தொழிலாளி ஒரே காலையில் மாவட்ட எல்லையைக் கடக்கிறார். எந்த ஆட்சியரின் கூட்டத்தில் அவர் மனுக் கொடுப்பது?

புதிய ரயில் வருமுன்

2025இல் தமிழ்நாடு அரசு சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் இடையே மண்டல விரைவு ரயிலுக்கான சாத்தியக்கூறு ஆய்வை அறிவித்தது. 2023 அக்டோபரில் தில்லி–மீரட் வழித்தடத்தில் தொடங்கிய நமோ பாரத் வண்டியே இதற்கு முன்மாதிரி. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அவ்வண்டியில், தொடங்கியபோது சாகிபாபாத்–துஹாய் டிப்போ வரையிலான 17 கிலோமீட்டருக்குச் சாதாரணக் கட்டணம் 50 ரூபாய். மெமுவின் குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாயுடன் இதை ஒப்பிட்டால், இது எவருக்கான வண்டியாகும் என்பது விளங்கும்.

புதிய பாதை வேண்டாம் என்பது நம் வாதமன்று. ஆனால் அது வேலூரில் முடிகிறது. தோல் வட்டாரத்தின் உழைக்கும் பகுதி வேலூருக்கு மேற்கே தொடங்குகிறது. ஆய்வுக்கட்டத்திலேயே கட்டணம், நிறுத்தம், நிலம் எடுப்பு ஆகியவை பற்றித் தலித் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கருத்துரைக்க வேண்டும். அதைவிட முதன்மையாக, ஏற்கெனவே இருக்கும் இரட்டைப் பாதையில் சில வண்டிகளைச் சரியான நேரத்தில் ஓட்டுவதற்குப் பல்லாயிரம் கோடி தேவையில்லை என்பதை நினைவூட்ட வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை, கேட்க வேண்டிய இடங்கள்

முதலாவது, கணக்கு. காட்பாடி–ஜோலார்பேட்டை மெமு வண்டிகள் ஓராண்டில் எத்தனை நாள் நேரத்திற்கு வந்தன, எத்தனை நாள் ரத்தாயின, எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கி நிறுத்தப்பட்டன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்திடம் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் ஒரு மாதம் நிலையங்களில் நின்று எடுக்கும் பயணிகள் கணக்கெடுப்பு அதற்குத் துணையாகும்.

இரண்டாவது, இருக்கை. கோட்ட, மண்டல ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுக்களில் வணிக, தொழில் அமைப்புகளுக்கு இடமுண்டு. பதிவுபெற்ற பயணிகள் சங்கங்களுக்கும் இடமுண்டு. தோல், காலணித் தொழிலாளர் பயணிகள் சங்கம் ஒன்றை 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, அக்குழுக்களில் உறுப்பினர் இடம் கோர வேண்டும். அதில் பெண்கள் முன்னிலை வகிக்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். காலையும் மாலையும் பணி நேரத்தை ஒட்டி ஆம்பூரை மையமாகக் கொண்டு இரு திசையிலும் மெமு வண்டிகள். அவ்வேளைகளில் அவற்றுக்குப் புறநகர் வண்டிகளுக்குரிய முன்னுரிமை.

நான்காவது, கட்டணம். வண்டியின் பெயரை மாற்றிக் கட்டணத்தை உயர்த்துவதற்குத் தடை. இஜ்ஜத் சீட்டின் வருமான வரம்பைக் குறைந்தபட்சக் கூலியோடு இணைத்தல்.

ஐந்தாவது, இணைப்பு. 2024இல் தமிழ்நாடு இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின்கீழ் வரும் நிதியில், காலனிகளிலிருந்து நிலையங்களுக்கு வண்டி நேரத்தை ஒட்டிய சிற்றுந்துகள். இது மாநில அரசின் கையில் உள்ளது. ரயில்வே வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தனி ரயில்வே நிதிநிலை அறிக்கை 2016உடன் நின்றுவிட்டதால், உள்ளூர் வண்டிகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் விரிவாகப் பேசும் வாய்ப்பும் சுருங்கிவிட்டது. ஆகவே பேச்சு கீழிருந்துதான் எழ வேண்டும். பணி முடியும் நேரம் ஒவ்வொரு தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தை நிலையத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டு எழுதப்படும் ஒரு பக்க மனுவிலிருந்து இந்தப் பணியைத் தொடங்கலாம்.